மலைக்குச் சேர வேண்டிய பங்கு

(தோட்ட மகளிர் சங்கமும் சனசமூக நிலையமும் சேர்ந்து நடத்திய மாதாந்தக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய உரை)



மலையிலிருந்து இறங்கி, மடுவத்தில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, வீட்டு வேலையையும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

போன மாதக் கூட்டத்தில் அக்காமார் சிலர் ஒரு கேள்வி கேட்டாங்க. "கவ்வாத்து மலையில் இருந்து மிலாறு எடுக்கக் கூடாது என்று சொல்றீங்க. வெட்டிப் போட்ட குச்சி, அங்கேயே கிடந்து உக்கித்தானே போகுது. அதை அடுப்புக்கு எடுத்தால் மலைக்கு என்ன நட்டம்?" நியாயமான கேள்வி. எடுக்காதே என்று சொல்வது லேசு. ஏன் என்று சொல்வதுதான் எங்களுடைய கடமை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு, ஒரு இலைக்குள்ளே என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேணும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதை விஞ்ஞானப் பாடத்தில் சக்தி, காபன், சூழற்றொகுதி என்று படிக்கிறாங்க. நாங்கள் அதையே நம்ம மலையை வைத்துச் சொல்லிப் பார்க்கிறோம்.

மரம் எதைத் தின்று வளருது?

ஒரு சவுக்கு மரத்தைப் பாருங்க. கையளவு கன்றாக நட்டது, இருபது வருஷத்தில் நாலு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத மரமாகி விடுகிறது. அவ்வளவு பாரமும் எங்கிருந்து வந்தது? யாரைக் கேட்டாலும் "மண்ணிலிருந்து" என்றுதான் சொல்லுவாங்க.

ஏறத்தாழ நானூறு வருஷத்துக்கு முன்னால், இப்போது பெல்ஜியம் என்று சொல்லப்படுகிற நாட்டில் வான் ஹெல்மொண்ட் என்று ஒரு வைத்தியர் இருந்தார். அவருக்கும் இதே கேள்வி வந்தது. நன்றாகக் காய வைத்த மண்ணை 200 றாத்தல் நிறுத்து ஒரு பெரிய தொட்டியில் போட்டார். அதில் 5 றாத்தல் எடையுள்ள வில்லோ மரக் கன்று ஒன்றை நட்டு, ஐந்து வருஷம் மழைத் தண்ணீர் மட்டும் ஊற்றினார். பிறகு பிடுங்கி நிறுத்துப் பார்த்தால் மரம் 169 றாத்தல் இருந்தது. மண்ணையும் திரும்பக் காய வைத்து நிறுத்தார். அதில் குறைந்தது வெறும் இரண்டு அவுன்ஸ்! ஆகவே மரத்தின் பாரம் மண்ணிலிருந்து வரவில்லை என்று தெரிந்தது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். அவர் 1644இல் இறந்தார். இந்தப் பரிசோதனை 1648இல் புத்தகமாக அச்சில் வந்தது.

அவர் சொன்னதில் பாதிதான் சரி. 1779இல் இங்கன்ஹவுஸ் என்ற விஞ்ஞானி, செடியின் பச்சையான பாகங்கள் வெளிச்சம் பட்டால்தான் காற்றை மாற்றுகின்றன என்று காட்டினார். 1804இல் சோசூர் என்பவர் அளந்து பார்த்து, செடி தன் உடம்புக்கு வேண்டிய காபனைக் காற்றிலிருந்தே எடுக்கிறது என்று நிரூபித்தார். நாம் மூச்சு விடும்போது வெளியே வருகிற, அடுப்பு எரியும்போது மேலே போகிற அதே காபனீரொட்சைட்டு வாயுதான் அது. இலை அந்த வாயுவையும் வேரிலிருந்து வரும் தண்ணீரையும் சேர்த்து, வெயிலின் சக்தியால் மாச்சத்தாகவும் நாராகவும் கட்டையாகவும் ஆக்குகிறது. மிச்சமாகும் ஒட்சிசனை வெளியே விடுகிறது. இதைத்தான் ஒளித்தொகுப்பு என்கிறோம்.

கூடைக்குள்ளே காற்று

இந்தக் கணக்கை நம்ம கூடைக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு அக்கா ஒரு நாளைக்கு 20 கிலோ பச்சைக் கொழுந்து எடுக்கிறாங்க என்று வைத்துக்கொள்வோம். அதில் முக்கால் பங்குக்கு மேலே தண்ணீர். தொழிற்சாலையில் வாட்டி, அரைத்து, காய வைத்தால் ஏறத்தாழ நாலரைக் கிலோ தூள் மிஞ்சும். அந்த நாலரைக் கிலோவில் கிட்டத்தட்டப் பாதி, அதாவது இரண்டு கிலோ போல, காபன். அத்தனையும் காற்றிலிருந்து வந்தது. சும்மா கிடைத்தது.

ஆனால் அந்தக் கொழுந்துக்குள்ளே சும்மா கிடைக்காத சாமானும் இருக்கிறது. வான் ஹெல்மொண்டின் தொட்டியில் குறைந்த அந்த இரண்டு அவுன்ஸ் மாதிரி, அளவில் சிறியது, ஆனால் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. நைதரசன், பொட்டாசியம், பொசுபரசு என்று சொல்லுகிற சத்துகள்தான் அவை. இளம் கொழுந்தில் நைதரசன் நிறைய உண்டு. அந்த 20 கிலோ கூடையில் 200 கிராமுக்குக் கிட்ட நைதரசன் மலையை விட்டுப் போகிறது. இதை யூரியாவில் சொன்னால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. கொழுந்து கொழும்புக்குப் போகுது, அங்கிருந்து கப்பல் ஏறுது. போனது திரும்பி வராது. உரம் போடுவது அந்தக் கடனை அடைப்பதற்குத்தான்.

சக்தி ஒரு வழி, காபன் சுற்று வழி

இப்போது ஒரு முக்கியமான வித்தியாசத்தைச் சொல்ல வேணும். சக்தி ஒரே வழியாகப் போகிறது, திரும்பாது. காபன் சுற்றிச் சுற்றி வருகிறது.

வெயில் இலையில் விழுகிறது. விழுந்த வெயிலில் நூற்றில் ஒரு பங்கு அளவைத்தான் செடி தன் உடம்பில் சேர்த்து வைக்கிறது. அந்த இலையை ஒரு பிராணி தின்றால், தின்றதில் பெரும் பங்கு அதன் நடமாட்டத்துக்கும் உடம்புச் சூட்டுக்கும் செலவாகி விடும். சதையாக நிற்பது கொஞ்சம்தான். அமெரிக்காவில் லிண்டமன் என்ற இளைஞர் ஒரு சின்னக் குளத்தில் இதை வருஷக்கணக்காக அளந்தார். 27 வயது நிரம்பும் முன்னரே அவர் இறந்து விட்டார். அவருடைய கட்டுரை அதே 1942ஆம் ஆண்டில் வெளிவந்தது. உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு சக்திதான் மிஞ்சுகிறது என்று இன்று சொல்லுகிறோமே, அந்தக் கணக்குக்கு அடிப்படை போட்டவர் அவர். இடத்துக்கு இடம் இது கூடும், குறையும்.

அதனால்தான் புல் நிறைய இருக்கும், மான் கொஞ்சம் இருக்கும், சிறுத்தை விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கும். ஒரு சிறுத்தை வாழ ஒரு பெரிய காடே வேணும். காடு சுருங்கி அங்கே இரை குறைந்தால் அது லயத்துப் பக்கம் நாயைத் தேடி வரலாம். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் அந்தச் சிறுத்தையே மாட்டிச் சாவதும் மலையகத்தில் நடக்கிறது.

இந்தச் சங்கிலி தேயிலைச் செடியிலும் உண்டு. இலையைச் சுருட்டி உள்ளே இருந்து தின்னுகிற புழுவை எல்லாரும் கண்டிருப்பீங்க. அந்தப் புழுவின் உடம்பிலே முட்டையிட்டு அதை அழிக்கிற ஒரு சின்னஞ்சிறு குளவி இருக்கிறது. மக்ரோசென்ட்ரஸ் என்று பெயர். நம்மைக் கொட்டுகிற குளவி அல்ல, பயப்பட வேண்டாம். 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டு வந்து இங்கே விட்டாங்க. இலையின் சக்தி புழுவுக்கு, புழுவின் சக்தி குளவிக்கு. பின்னாளில் தண்டு துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் என்ற கடுமையான மருந்தை அடித்தபோது இந்தக் குளவியும் செத்தது. காவல்காரன் போனதும் சுருட்டுப் புழு பெருகியது. சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தால் எங்கே போய் இழுக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சரி, காபனுக்கு என்ன நடக்கிறது? புழு தின்றாலும், மாடு தின்றாலும், நாம் தின்றாலும், கடைசியில் அது மூச்சாக வெளியேறிக் காற்றுக்கே திரும்புகிறது. காலையில் நாம் சாப்பிடுகிற ரொட்டியின் கோதுமை எங்கோ வேறு நாட்டில் விளைந்தது. அந்த நாட்டு வெயிலின் சக்தியில்தான் நாம் இங்கே மலை ஏறுகிறோம். ஏறும்போது மூச்சு வாங்குதே, அந்த மூச்சில் போவது அந்த நாட்டுக் காற்றிலிருந்து வந்த காபன். அதைப் பக்கத்திலே நிற்கிற தேயிலைச் செடி எடுத்துக்கொள்ளலாம். இதுதான் சுற்று.

அடுப்பில் நடப்பதும் இதேதான், ஆனால் அவசரமாக நடக்கிறது. மரம் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த வெயில், ஒரு மணி நேரத்தில் சூடாக வெளியே வந்து விடுகிறது. காபன் புகைக்கூட்டின் வழியே போய் விடுகிறது. சாம்பலாக மிஞ்சுவது மண்ணிலிருந்து வந்த அந்த இரண்டு அவுன்ஸின் ஒரு பகுதி. அதிலும் பொட்டாசியம் நிற்கும், நைதரசன் நிற்காது, புகையோடு போய் விடும்.

மண்ணுக்குள்ளே இருக்கிற வேலையாட்கள்

இலை எரியாமல் மண்ணில் விழுந்தால் என்ன ஆகும்? அங்கே ஒரு பெரிய வேலையாட் கூட்டம் காத்திருக்கிறது. மண்புழு, கறையான், பங்கசு, கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா. இலையில் இருக்கிற சக்திதான் அவற்றுக்குச் சம்பளம். குளிர் காலையில் கூட்டெருக் குவியலைக் கிளறினால் ஆவி பறக்கும், கையை வைக்க முடியாத சூடு இருக்கும். அந்தச் சூடு இலையில் சேர்ந்திருந்த வெயில். வேலையாட்கள் சாப்பிடுகிறாங்க என்பதற்கு அடையாளம்.

அவை தின்று மூச்சாக விட்டது போக, மிச்சமாகும் காபன் கறுப்பு நிற உக்கலாக மண்ணோடு சேருகிறது. உலகத்தில் காற்றிலும் செடி கொடிகளிலும் இருக்கிற காபனைக் கூட்டினாலும் அதைவிட மண்ணுக்குள்ளே இருக்கிற காபன் அதிகம். அந்த உக்கல்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. போட்ட உரம் கானில் ஓடாமல் பிடித்து வைக்கிறது. மண்ணை ஒட்ட வைக்கிறது. உக்கல் இல்லாத மலையில் உரம் போட்டால், அடுத்த மழையிலேயே ஒரு பங்கு ஆற்றுக்குப் போய் விடும்.

நம்ம மலைகள் ஒரு காலத்தில் காடு. கோப்பிக்காக அந்தக் காட்டை வெட்டி எரித்தாங்க. நூற்றாண்டுக் கணக்காகச் சேர்ந்த காபன் சில நாளில் புகையாய்ப் போனது. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழியத் தொடங்கியது. ஜேம்ஸ் டெயிலர் 1867இலேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பிறகு தேயிலை மலையெல்லாம் பரவியது. ஆக, அந்தக் காடு விட்டுப் போன கறுப்பு மண்ணை வைத்துத்தான் நூற்றைம்பது வருஷமாக வேலை நடக்குது. சரிவு நிலம் ஆனதால் மழையில் மேல்மண் கழுவிப் போகிறது. கலங்கிப் போகிற ஆற்றைப் பார்த்தால், அந்த நிறம் நம்ம மலையின் உக்கல் என்று நினைத்துக்கொள்ளுங்க.

பழைய தேயிலையைப் பிடுங்கி விட்டுப் புதிதாக நடுவதற்கு முன்னால், மலையைச் சும்மா விட்டு, இரண்டு வருஷம் போலக் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ வளர்க்கிறாங்களே, கவனித்திருக்கிறீங்களா? வளர்ந்ததை வெட்டி அங்கேயே பரப்புவாங்க. ஒரு கிலோ கொழுந்துகூட வராமல் இரண்டு வருஷம் காத்திருப்பது எதற்கு? காற்றிலிருந்து காபனைப் பிடித்து மண்ணுக்குள் போடத்தான். மண்ணுக்குப் பட்ட கடனை அடைக்க அவ்வளவு காலம் எடுக்குது. அதிலும் நுவரெலியா போன்ற குளிர் மலைகளில் எல்லாமே மெல்லத்தான் உக்கும். சேர்வதற்குக் காலம் செல்லும். போனால் திரும்பிச் சேர்ப்பதற்கும் அதே காலம் செல்லும்.

2021உம் 2022உம் சொல்லித் தந்தது

2021 மே மாதத்தில் நாட்டில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் தடை நீங்கியது. ஆனாலும் உரம் நேரத்துக்குக் கிடைக்கவில்லை, விலையும் ஏறியது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. கூடையில் எவ்வளவு குறைந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான். ஆகவே ஒன்றை ஒரே நாளில் நிறுத்தி மற்றதை வைத்துச் சமாளிக்க முடியாது. அதே நேரம், உக்கல் நிறைந்த மலை ஒரு தடவை உரம் தவறினாலும் தாங்கும். வெறும் செம்மண் ஆகிவிட்ட மலை தாங்காது. உரம் கடையிலிருந்து வரும். உக்கல் கடையில் கிடைக்காது.

2022இல் இன்னொன்றும் நடந்தது. கேஸ் இல்லை. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. எல்லாரும் விறகுக்குத் திரும்பினோம். கவ்வாத்து மலைகளில் இலையோடு சேர்த்து மிலாறைக் கட்டிக் கொண்டு வந்தாங்க. பசி நேரத்தில் அடுப்பு எரிய வேணும், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தப் பழக்கம் கஷ்டம் குறைந்த பிறகும் அப்படியே நின்று விட்டது.

இலை மலைக்கு, கட்டை அடுப்புக்கு

இப்போது அக்காமாரின் கேள்விக்கு வருகிறோம். மிலாறு என்பது ஒரே சாமான் அல்ல. அதில் இலையும் இளங்குச்சியும் ஒரு பங்கு, தடித்த கட்டை ஒரு பங்கு. மண்ணிலிருந்து எடுத்த நைதரசனில் அதிகம் இருப்பது இலையில். கட்டையில் இருப்பது பெரும்பாலும் காபன்தான், அதாவது காற்றிலிருந்து வந்தது. அடுப்புக்கும் இலை உதவாது, சட்டென்று எரிந்து புகையாகும். நின்று எரிவது கட்டை.

அதனால் நாங்கள் சொல்வது இதுதான்:

முதலாவது, கவ்வாத்து வெட்டினவுடன் மிலாறைத் தூக்காதீங்க. அந்த நேரம் தூர் மொட்டையாக நிற்கும். வெயில் தூரைச் சுடும், மழை மண்ணை நேராக அடிக்கும். மிலாறுதான் அதற்குக் கூரை. இலை காய்ந்து உதிரும் வரை பொறுங்க. அதற்குப் பிறகு, கங்காணி ஐயாவிடம் சொல்லிவிட்டுத் தடித்த கட்டையை மட்டும் பொறுக்குங்க. எல்லாவற்றையும் வழித்து எடுக்காமல் கொஞ்சம் விட்டு வையுங்க.

இரண்டாவது, விறகைக் காய வையுங்க. பச்சை விறகில் உள்ள தண்ணீரை ஆவியாக்குவதற்கே நெருப்பின் சக்தியில் நல்லதொரு பங்கு போய் விடும். மிச்சம் புகையாகும். அந்தப் புகை தாய்மாரின் நெஞ்சுக்கும் கைப்பிள்ளையின் நெஞ்சுக்கும் கெடுதி. கூரை ஓரத்தில் அடுக்கி நன்றாகக் காய்ந்த பிறகு எரித்தால் குறைந்த விறகில் சோறு வேகும். அடுப்பைச் சுற்றி மண் அணைத்துக் கட்டினால் இன்னும் மிச்சம்.

மூன்றாவது, வாசல் கூட்டின குப்பையையும் மரக்கறித் தோலையும் எரிக்காதீங்க. லயத்துக்குப் பின்னால் ஒரு குழி போதும். சாணம் இருந்தால் கலந்து போடுங்க. அடுத்த போகத்துக்கு உங்கள் மரக்கறிப் பாத்திக்கு எரு ஆகும். பொலித்தீனை மட்டும் குழியிலும் போட வேண்டாம், நெருப்பிலும் போட வேண்டாம். பொலித்தீனும் மண்ணெண்ணெயும் கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் மண்ணுக்குள் புதைந்த காபன். புதைந்த பிறகு அது இந்தச் சுற்றில் சேராமல் கிடந்தது. பெரும்பாலும் உலகம் முழுவதும் அதைத் தோண்டி எரித்ததால், முன்பு காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐத் தாண்டி விட்டது. அதில் லயத்து அடுப்பின் பங்கு மிகச் சிறியது. ஆனால் மழை மாறினால், வரட்சி நீண்டால், முதலில் அடி படுவது கொழுந்து எடுக்கிறவங்கதான்.

நான்காவது, வெயில் காலத்தில் புல்மலைக்கு நெருப்பு வைக்கிற பழக்கத்தை விடுவோம். புதுப்புல் முளைக்கும் என்று வைக்கிறாங்க. முளைக்கும், உண்மை. ஆனால் எரிந்த மலையில் முதல் மழையோடு மேல்மண் போகும். வருஷா வருஷம் புல்லும் குட்டையாகும்.

இது எல்லாம் தொழிலாளர் மட்டும் செய்ய வேண்டிய காரியம் அல்ல. அடுப்புக்கு வேறு வழி இல்லாமல் மிலாறை விடு என்று சொல்வது நியாயம் ஆகாது. தொழிற்சாலைக்காக வளர்க்கிற யூக்கலிப்டஸ் காட்டில் வெட்டும்போது விழும் கிளைகளையும், சவுக்கு மரம் கவாத்துப் பண்ணும்போது வரும் கட்டைகளையும் லயத்துக்கு லயம் முறை வைத்துப் பகிர வேணும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம். வெறுமையாய்க் கிடக்கிற கான் ஓரங்களில் விறகுக்கென்று கிளிரிசீடியா நடுவதற்கும் இடம் கேட்டிருக்கிறோம். அதன் இலை மண்ணுக்கு நல்ல பசளை, கொம்பு அடுப்புக்கு ஆகும். பதில் வந்ததும் தலைவர்மார் மூலமாக அறிவிப்போம். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எந்த லயத்துக்கு எவ்வளவு விறகு தேவை என்று மகளிர் சங்கத் தங்கச்சிமார் கணக்கு எடுக்க வருவாங்க. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

வெயிலுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. காற்றுக்கும் இல்லை. அந்த இரண்டையும் கொழுந்தாக மாற்றித் தருவது மண். அதற்குச் சேர வேண்டிய பங்கை நாம் விட்டு வைத்தால், நம்ம பிள்ளைகள் எந்த வேலைக்குப் போனாலும், இந்த மலையில் பீலித் தண்ணீரும் பாத்தியில் மரக்கறியும் அவங்களுக்கு இருக்கும்.

 கேள்வி இருந்தால் தயங்காமல் கேளுங்க.